கூட ஒரு ‘தி’

முதலில் தாடைக்குக் கீழே, இடப்பக்கம்,
ஒரு கோடு சிவந்தது.
பிளேடு மழுங்கிப்போச்சு என்றேன். மாற்றினேன்.
தண்ணீர் என்றேன்.
காகிதப்பட்டறைக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை
வந்து சேர்கிற தண்ணீர்
எதையும் செய்யக்கூடியது.
கேன் தண்ணீரில் மழித்துப் பார்த்தேன்.
கோடு பட்டையாச்சு.

வெயில், புதுத் துண்டு,
செந்தாமரை மாற்றிய சோப்புத்தூள்,
சலூன் தசரதன் போன மாதம் போட்ட கத்தி
எல்லாரையும் சந்தேகப்பட்டேன்,
பச்சை டியூபைத் தவிர.
கல்யாணத்துக்கு முந்தின நாள் வாங்கியது அது.
அதற்கப்புறம் எத்தனையோ டியூப்.
மூடி மாறியது, விலை மாறியது,
மணம் மாறவில்லை.
தீரும் சமயம் சப்பாத்திக்கட்டையால் உருட்டிப்
பிதுக்குவேன். அதற்கு மட்டும்
வருஷத்துக்கு நாலு தரம் திட்டு விழும்.

ராணிப்பேட்டை தோல் ஷாப்பில்
தரம் பிரிப்பது என் வேலை.
மேசையில் விரித்தால் விரல் சொல்லிவிடும்:
இது முள் கீறல், இது உண்ணிக் கடி,
இது சூடு போட்டது, இது உரித்தவன் அவசரம்.
ஏ, பி, சி. அதுக்கும் கீழே ரிஜெக்ஷன்.
அதே விரலால் ஒரு ராத்திரி
என் கழுத்தைத் தடவினேன்.
விரல் ஏதோ சொன்னது.
கையைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மழிக்காமல் விட்ட நாலாம் நாள்
டீக்கிளாஸை வைத்துவிட்டு நசுருல்லா கேட்டான்:
‘இன்னா, திருப்பதிக்கா?’
இல்லை.
‘வூட்ல எதுனா...?’
இல்லை.
‘இந்த வயசுல தோல்வியா?’
‘ஆமா. கூட ஒரு தி சேத்துக்கோ.’
அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது.
அப்புறம் பேக்கிங் செக்ஷன் வரைக்கும்
சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் நூற்றுப் பதினேழு.
பக்கத்து நாற்காலியில் ஒரு வங்காளி
மூன்று ரயில் மாறி வந்தவராம்,
விரலை மடக்கிக் காட்டினார். பிறகு
சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார்.
நான் கழுத்தைக் காட்டினேன்.
அவர் ‘ஓ’ என்றார். நான் ‘ம்’ என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மரியாதையாகச் சொறியாமல் இருந்தோம்.

டாக்டர் சின்னப்பெண்.
முதுகில் இருபத்துநாலு பொட்டு ஒட்டி
சுற்றிலும் மார்க்கரால் நம்பர் போட்டாள்.
எங்கள் ஷாப்பிலும் பின்பக்கம்தான் எழுதுவோம்.
‘நாற்பத்தெட்டு மணி நேரம்
நனையக்கூடாது. வேர்க்கவும் கூடாது.’
வேலூரில். மே மாதத்தில்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பகலெல்லாம் மலை குடித்த வெயிலை
ராத்திரி எங்கள் தெருவில் துப்பும்.
கரண்டும் போச்சு.
குப்புறக் கிடந்தேன்.
செந்தாமரை காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே
செல்போன் வெளிச்சத்தில் நம்பர்களைப் படித்தாள்,
ரேஷன் கடை வரிசை மாதிரி.
பதினாறில் நிறுத்தினாள்.
‘இதுங்கிட்ட மட்டும் ஒரு சூடு அடிக்குது’ என்றாள்.

பிரித்தபோது பதினாறுதான் சிவந்திருந்தது.
வாசனைக் கலவை.
‘பத்தொன்பது வருஷமா அதைத்தானே போடறேன், மேடம்’
என்றேன், சாட்சி சொல்கிறவன்போல.
‘அதனாலதான்’ என்றாள்.
‘முதல் தடவையே வராது, சார்.
உடம்புக்கு முதல்ல அது பழகணும்.’
அடுத்த டோக்கனை அழைத்தார்கள்.

புது கிரீம் வெள்ளை டியூப், முந்நூற்று நாற்பது ரூபாய்.
நுரை வருகிறது, மணம் இல்லை.
பச்சை டியூப் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது,
முக்கால்வாசி மிச்சம்.
நசுருல்லாவுக்குக் கொடுக்கலாம் என்று
இரண்டு நாள் பையில் எடுத்துப்போய்
இரண்டு நாளும் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை,
அடுப்படியிலிருந்து செந்தாமரை கேட்டாள்:
‘இன்னா, இன்னும் ஆரம்பிக்கலயா?’

பாதி முகம் முடிந்திருந்தது.